பெற்றோலா, டீசலா? வன்னியில் அந்தக் கணக்கு வேறு

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டதிலிருந்து ஊரில் எங்கு போனாலும் வாகனக் கதைதான். புது வாகனம் வாங்கப்போகிறவர்கள் சிலர்தான். ஆனால் ‘இனிப் பழசின்ர விலை இறங்கும்’ என்று காத்திருந்தவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் விசுவமடுவில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன். கச்சானும் மரக்கறியும் பயிரிட்டுக் கிளிநொச்சிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். “தங்கச்சி, நீ உதுகளைப் பற்றி எழுதிறனிதானே. பெற்றோல் வானோ, டீசல் பட்டாவோ, எது நல்லம்?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பல வருடங்களாக ஒரே பதில்தான் இருந்தது. கூட ஓடுபவர் டீசல் எடுக்கலாம், குறைய ஓடுபவர் பெற்றோல் எடுக்கலாம். அந்தப் பதிலுக்கு அடித்தளமாக இருந்தது அரசாங்கம் பேணிவந்த விலை இடைவெளி. பஸ்ஸும் லொறியும் டீசலில் ஓடுவதால் டீசல் விலை ஏறினால் அரிசி விலையும் ஏறும், அரிசி விலை ஏறினால் வாக்குக் குறையும். ஆகவே டீசலை மலிவாக வைத்திருந்தார்கள். 2021 டிசம்பர் விலை மாற்றத்துக்குப் பின் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா, ஒட்டோ டீசல் 121 ரூபா. இடைவெளி 56 ரூபா. ஆறே மாதத்தில், 2022 ஜூனில், பெற்றோல் 470, டீசல் 460. இடைவெளி பத்து ரூபாவாகச் சுருங்கியது. பிறகு இரண்டும் இறங்கின. ஆனால் 2025 ஜனவரியில்கூட 309க்கும் 286க்கும் இடையில் 23 ரூபாதான் வித்தியாசம். விலைச் சூத்திரம் வந்தபின் டீசலுக்குப் பழைய செல்லம் கிடையாது.

அண்ணாவின் ஓட்டத்தை வைத்தே பார்ப்போம். விசுவமடுவிலிருந்து பரந்தன் வழியாகக் கிளிநொச்சி போய்வர ஏறக்குறைய 40 கிலோமீற்றர். டீசல் பட்டா லீற்றருக்கு 16 கிலோமீற்றரும், சிறிய பெற்றோல் வான் 13 கிலோமீற்றரும் ஓடும் என்று வைத்துக்கொண்டால், 2021 கடைசி விலையில் டீசலால் நாளுக்கு 240 ரூபா மிச்சம். 2025 ஜனவரி விலையில் 236 ரூபா. பார்த்தால் மாற்றமே இல்லை. ஆனால் 2021இல் டொலர் 200 ரூபா, 2025 ஜனவரியில் ஏறக்குறைய 300. அந்த 236 ரூபாவுக்குச் சந்தையில் என்ன கிடைக்கும் என்பதை அண்ணாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாதம் 25 நாள் ஓடினால் 5,900 ரூபா. இரண்டு வாகனங்களின் லீசிங் தவணைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அதைவிடக் கூடினால், மிச்சம் பிடிப்பது அண்ணா அல்ல, லீசிங் கொம்பனி.

இது கொழும்பில் இருப்பவருக்கும் பொருந்தும் கணக்கு. வன்னியில் இதற்கு மேலும் சில வரிகள் இருக்கின்றன.

முதலாவது, எண்ணெய் கிடைக்காத காலம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவர்கள் வாகனத்தைப் பார்க்கும் விதமே வேறு. ‘எவ்வளவு ஓடும்’ என்பதற்கு முன்னால் ‘எதில் ஓடும்’ என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் புகை கக்கியபடி ஓடியதைக் கண்டவர்கள், பெற்றோல் எஞ்சின்தான் ஆபத்துக்கு உதவும் என்று இன்றும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை இன்றைய வாகனங்களுக்குப் பொருந்தாது. அது காபரேற்றர் காலத்து வித்தை. கணினி கட்டுப்படுத்தும் இன்ஜெக்ரர் உள்ள வானுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினால் அடுத்த பயணம் கராஜுக்குத்தான், அதுவும் கட்டி இழுத்து. தவிர, மண்ணெண்ணெயும் இப்போது ஏழையின் எண்ணெய் அல்ல. 2022 ஓகஸ்ட்டில் 87 ரூபாவிலிருந்து ஒரே அடியாக 340 ஆனபோது வடக்கின் கடற்றொழிலாளர்கள் படகைக் கரையில் இழுத்துவிட்டதை நாம் கண்டோம்.

2022 வேறொன்றையும் காட்டியது. கியூஆர் முறை வந்தபோது வாரப் பங்கீடு எண்ணெய் வகையைப் பார்க்கவில்லை, வாகனம் எந்த வகுப்பில் பதிவானது என்பதையே பார்த்தது. தொடக்கத்தில் வானுக்கு 20 லீற்றர், லொறிக்கு 50 லீற்றர். 20 லீற்றர் டீசல் அண்ணாவின் எட்டு நாள் ஓட்டத்துக்குப் போதும், பெற்றோல் ஆறரை நாளுக்கு. லொறி வகுப்பில் இருந்தால் அந்தக் கவலையே இல்லை. ஆகவே எஞ்சினைத் திறந்து பார்ப்பதற்கு முன் பதிவுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள் என்பேன். இன்னொன்று, வன்னியில் டீசல் வரிசையில் நிற்பது வாகனங்கள் மட்டுமல்ல. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் அதே டீசலுக்குத்தான் வருகின்றன. காலபோக அறுவடை நேரத்தில் தட்டுப்பாடு வந்தால் டீசல்காரர்தான் முதலில் அடிபடுவார்.

இனி, எந்த வாகன விளம்பரத்திலும் வராத ஒரு வரி. அண்ணாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் ஷெல் பட்டுப் போனது. செயற்கைக் காலோடு வயலில் நிற்பார், உழவு இயந்திரமும் ஓட்டுவார். ஆனால் கிளச்சை நாள் முழுக்க மிதிப்பது வேறு கதை. சந்தை நெரிசலில் அரை மணித்தியாலம் நின்று நின்று நகர்ந்தால், பின்னேரம் கால் பொருத்திய இடம் வீங்கிவிடும். பட்டா கியர் மாற்றி ஓட்டும் வாகனம். டீசலில் ஒட்டோ கியர் இல்லாமல் இல்லை, ஆனால் அது பெரிய வானிலும் கப் வாகனங்களிலும்தான். அவற்றின் விலை அவருக்கு எட்டாது. எட்டக்கூடிய விலையில் ஒட்டோ கியர் கிடைப்பது சுசுகி எவ்ரி போன்ற 660 சிசி பெற்றோல் வான்களில்தான். அதற்கு வலது கால் ஒன்று போதும்.

மறுபக்கம் சுமை. பட்டா 750 கிலோ வரை ஏற்றும். எவ்ரி 350 கிலோவோடு நின்றுவிடும். கச்சான் கிண்டும் நாட்களில் அது இரண்டு நடை. இரண்டு நடை என்றால் மேலே போட்ட கணக்கு முழுதும் தலைகீழ். அதை மறைக்க முடியாது.

பழைய பட்டாவின் இரண்டு சிலிண்டர் எஞ்சினை ஊர்க் கராஜிலேயே பிரித்துப் பூட்டுவார்கள். புதிய டீசல் எஞ்சின்களோ கலப்பட எண்ணெயைத் தாங்காது. புகை வடிகட்டி உள்ளவை கிட்டத்து ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும். அதோடு டீசலுக்கு இறக்குமதியின்போது சிசி அளவில் அறவிடும் உற்பத்தி வரியும் கூட. எனவே ‘புது டீசல்’ என்ற பேச்சை நாங்கள் தொடக்கத்திலேயே விட்டுவிட்டோம்.

நான் அண்ணாவுக்குச் சொன்னது: ஒட்டோ கியர் பெற்றோல் வான். கச்சான் காலத்தில் சில நடைக்கு மட்டும் பக்கத்து வீட்டாரின் பட்டாவை வாடகைக்குப் பிடிப்பது. வருடத்தில் சில கிழமைச் சுமைக்காக மிச்சமுள்ள மாதங்கள் முழுக்கக் காலை வருத்தத் தேவையில்லை. வாடகைச் செலவைச் சேர்த்தால் பெற்றோல் சற்று நட்டம்தான். அந்த நட்டத்தைக் கால்வலிக்கான செலவாக எழுதிக்கொள்ளச் சொன்னேன். சிரித்தார்.

இந்த நாட்டில் வரிச்சலுகை வாகன அனுமதிப்பத்திரம் என்றால் பாராளுமன்ற உறுப்பினர்களும் உயர் அதிகாரிகளும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவையவத்தை யுத்தத்தில் இழந்த விவசாயி ஒருவர் கிளச் இல்லாத வாகனம் வாங்குவதற்கு என்ன சலுகை என்று எங்கள் உறுப்பினர்கள் எவரும் பேசி நான் கேட்டதில்லை. வடக்கில் இப்படி ஒரு காலோடு வண்டி ஓட்டுபவர்கள் எத்தனையோ பேர். அடுத்த வரவுசெலவுத்திட்ட விவாதத்தில் வாகன வரியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசப்போகிறார்கள். அதில் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கலாம்.

அண்ணா இன்னும் முடிவெடுக்கவில்லை. கிளிநொச்சியில் ஒரு வான் பார்த்திருக்கிறார். லீசிங் ஒப்பந்தம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கிறதாம். தமிழில் தரும்வரை கையெழுத்து வைக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.