வேலியும் பொட்டும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை கோப்பியும் கையுமாக முற்றத்தில் அமர்ந்து பத்திரிகையை விரித்தோம். தலைப்பைத் தாண்டி முதல் வரிக்கு வருமுன்னரே, கிழக்கு வீட்டுக் கோழியொன்று தன் பரிவாரங்களுடன் வேலிப் பொட்டினூடாக எழுந்தருளியது. முந்திய மாலை நாம் நட்டு நீரூற்றிய கத்தரிக் கன்றுகளைத்தான் அது முதலிற் கிளறத் தொடங்கிற்று. "சூ!" என்று பதறி எழுந்தோம். கோப்பி வேட்டியிற் கொட்டுண்டது. கோழி வந்த வழியே திரும்பியது. அது போன திசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஆர் அங்கை எங்கட கோழிக்குக் கல்லெறியிறது?"

நாம் கல்லெறியவில்லை. ஆயினும் கறைபட்ட வேட்டியுடன் வேலியோரம் நின்ற எமது கோலம் குற்றவாளியின் கோலமாகவே இருந்திருக்கும். "ஒண்டுமில்லை மாமி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தோம். எம் இல்லத்தரசி அங்கு தீர்ப்பைத் தயாராக வைத்திருந்தார்: "எத்தினை நாளாச் சொல்லுறன், ஆளைப் பிடிச்சு அந்தப் பொட்டை அடையுங்கோ எண்டு!"

வீடு எரிந்தால் ஊர் கூடும். காலொடிந்தால் உறவினர் பழத்துடன் வருவர். கத்தரிக் கன்று போனதற்கு எவரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. பெருந்துன்பத்திற்கு ஆறுதலுண்டு, சிறு தொல்லைக்குச் சிரிப்புத்தான் உண்டு. யாழ்ப்பாணத்துச் சிறு தொல்லைகளைக் கணக்கெடுத்தால் அவற்றிற் பாதியேனும் வேலியோரத்திற் பிறந்தவையாக இருக்கும்.

ஆடு வேலியிற் கால்வைத்துப் பூவரசங் குழையைத் தின்னும். ஆடு தின்னாத குழையை, ஆடு வளர்ப்பவர் கொக்கத்தடியால் இழுத்துக்கொண்டு போவார். அடுப்புப் பற்ற மறுக்கும் மழைக்காலையிலே, வேலி ஓலையில் ஒரு கீற்று மாயமாய் மறையும். முருங்கை எம் வளவில் நிற்கும். காய் அவர்கள் வளவில் தொங்கும். இலையோ, இரு வீட்டுக்கும் பாரபட்சமின்றி உதிரும். எந்தப் பக்க வேலி எவருடைய பொறுப்பு என்பது வழிவழி வந்த வழக்கமாயினும், ஓலை விலை ஏறிய ஆண்டுகளில் அந்த வழக்கு இரு பக்கத்தாருக்கும் ஒரே வேளையில் மறந்துபோகும்.

இத்தொல்லைகளுள் தலையாயது கதியால் நகர்தல். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகிய உயிர்க் கதியால்களே நம் வேலிக்கு எலும்பு. ஒரு கதியால் பட்டுப்போனால் அதனருகே புதியதொன்று நடப்படும். அந்த 'அருகு' என்பது எப்போதும் அயலவனின் பக்கமாகவே இருப்பது இயற்கையின் விந்தை. இவ்வாறு ஒரு தலைமுறையில் வேலி ஆறு அங்குலம் நடந்துவிடுகிறது.

மாணவ வாசகர்கள் இதனைக் கணக்காகச் செய்து பார்க்கலாம். நம் நாட்டுக் காணி அளவையில் ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், அதாவது 2,722½ சதுர அடி. ஒரு பரப்புக்கு 18 குழி. எனவே ஒரு குழி சற்றேறக்குறைய 151 சதுர அடி. 100 அடி நீளமான வேலி 6 அங்குலம் நகர்ந்தால் கிடைப்பது 50 சதுர அடி. குழியில் மூன்றிலொரு பங்கு. அந்த மூன்றிலொரு பங்குக்காக மல்லாகத்திலும் சாவகச்சேரியிலும் பருத்தித்துறையிலும் நீதிமன்றப் படியேறியவர்கள், நில அளவையாளருக்கும் வழக்கறிஞருக்கும் கொடுத்த பணத்திற் பல பரப்புகள் வாங்கியிருக்கலாம். வேலிக்கு ஓணான் சாட்சி என்பது பழமொழி. ஓணான் ஒன்றுதான் இதிற் கூலி வாங்காத சாட்சி.

இவ்வளவு பிணக்கு ஏன்? நம்மவர் இயல்பிலேயே சண்டைக்காரர் என்பது சோம்பேறித்தனமான விடை. காரணம் காணி உறுதியிலே எழுதப்பட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி திரட்டினார். 12 முதலிமார் பார்த்து ஒப்புக்கொண்டபின், 1707 ஆம் ஆண்டில் அது தேசவழமை என்ற சட்டமாயிற்று. ஆங்கிலேயரும் 1806 இல் அதனை ஏற்றனர். அவ்வழமையில் பெண்ணுக்குச் சீதனமாகக் காணி போகிறது. தகப்பனுக்கு எட்டுப் பரப்பும் நான்கு பெண்களும் இருந்தால் பெண்ணுக்கு இரண்டு பரப்பு. பேத்தி காலத்தில் ஒரு பரப்பு. கலியாணம் நடக்குந்தோறும் ஒரு வேலி முளைக்கிறது. கிணற்றைத் துண்டாட இயலாமையால், "கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்" என்று உறுதியில் எழுதிக் கொடுக்கின்றனர்.

ஆகவே வேலிக்கு அப்பாலிருப்பவர் பெரும்பாலும் அந்நியரல்லர். பெரியம்மாவின் மகளோ, சின்னையாவின் பேரனோதான். ஒரே முற்றத்தில் விளையாடியவர்களே ஆறங்குலத்துக்காகப் பேசாதிருக்கின்றனர். அந்நியனிடம் விட்டுக்கொடுக்கலாம், உறவினனிடம் எப்படி விட்டுக்கொடுப்பது?

இதனை அறிந்தே நம் முன்னோர் வேலியிற் பொட்டு வைத்தனர் போலும். படலை ஊருக்கு, பொட்டு உறவுக்கு. படலையால் வருபவர் செருப்பணிந்து, காரணத்துடன் வருவார். பொட்டால் வருபவருக்குக் காரணம் வேண்டியதில்லை. கறிக் கிண்ணம் பொட்டால் வந்தது. அடுப்புக்கு நெருப்பும் பிள்ளைக்கு வைத்தியமும் பொட்டால் வந்தன. கோள்களும் அதனாலேயே வந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. வேலியும் வெறும் தடுப்பாக நிற்கவில்லை. பழைய ஓலை தோட்டத்துக்குப் பசளையாயிற்று. முள்முருக்கந் தடி கலியாண வீட்டிற் கன்னிக்காலாயிற்று. பூவரசம் இலை சிறுவர் வாயிற் பீப்பீயாயிற்று. மாரிமழை வெள்ளமும் ஓலையின் அடியால் வடிந்து போயிற்று.

பழமையை மெழுகிப் பளபளப்பாக்குவது எமது நோக்கமன்று. அதே வேலிக்கு வெளியே, சாதியின் பேரால், நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு வரவிடாது மனிதரைக் காத்து நிற்கவைத்த ஊரும் இதுவே. அவர்களுக்காக எவ்வேலியிலும் பொட்டு வைக்கப்படவில்லை. பொது இடங்களிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றமென 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் கூறிய பின்னரும், அச்சட்டம் எம் ஊர் வேலிகளைக் கடக்க நெடுங்காலம் எடுத்தது. யார் நுழையலாம், யார் நுழையலாகாது என்பதையும் வேலி சொல்லிக்கொண்டே நின்றது.

பின்னர் வேலிகளைப் பற்றி எண்ண நேரமில்லாத காலம் வந்தது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள், கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, செம்மணி, நாவற்குழி வழியே தென்மராட்சிக்கு நடந்தனர். ஆறங்குலத்துக்கு வழக்காடியவர்களும் அந்தக் கூட்டத்தில் அருகருகே நடந்தனர். தென்மராட்சியார் பலர் படலையைத் திறந்துவைத்து, முன்பின் அறியாதவரை விறாந்தையிலும் மாமரத்தடியிலும் இருத்தினர். அந்த வளவுகளின் எல்லை எதுவென்று அன்று எவரும் கேட்கவில்லை.

வலிகாமம் வடக்கில் இதனினும் கசப்பானதொன்று நிகழ்ந்தது. மயிலிட்டியார் 1990 இல் ஊரைவிட்டுப் போயினர். 2017 ஆம் ஆண்டு யூலை மாதம் துறைமுகத்தை அண்டிய ஒரு பகுதி விடுவிக்கப்பட்டபோதுதான் அங்கே காலடி வைத்தனர். இடையில் 27 ஆண்டுகள். பலருக்கு வேலியுமில்லை, வீடுமில்லை, ஒழுங்கையுமில்லை. பற்றைக்குள் கிணற்றுக் கட்டைக் கண்டே, "இதுதான் எங்கட வளவு" என்றறிந்தவர்கள் உண்டு. முன்னாளில் எவருடன் எல்லைச் சண்டையோ, அவரையே தேடிப்பிடித்து, "எல்லை எதாலை போனது?" என்று கேட்கவேண்டி வந்தது. சண்டை பிடித்தவருக்கன்றோ எல்லை அங்குலக் கணக்கில் நினைவிருக்கும்!

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் சீமெந்து இங்கு வர இயலாத பொருளாயிருந்தது. அது வரத் தொடங்கியதும், 2009 இன் பின் வெளிநாட்டுப் பணமும் சேர, வேலிகள் மதில்களாயின. மதிலின் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆண்டுதோறும் ஓலை தேடவேண்டியதில்லை, வேலியடைக்க ஆள் தேடி அலையவேண்டியதில்லை, ஆடு ஏறாது, கதியால் நடக்காது. எமது மேற்கு அயலவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த மதில் ஆறடி உயரம். பூச்சு முடிந்த அன்று, "இனி உமக்கும் தொல்லையில்லை, எனக்கும் தொல்லையில்லை" என்றார் மாஸ்ரர். நாமும் மகிழ்ந்தோம். அதுவரை எமது ஞாயிறு பத்திரிகை அந்தப் பக்கத்துப் பொட்டால் அவரிடம் போய், நாம் பாதியில் விட்ட குறுக்கெழுத்துப் போட்டி முழுவதும் நிரம்பி, எமது விடைகளுக்குத் திருத்தமும் இடப்பட்டுத் திரும்பி வரும். அதுவுமொரு தொல்லைதானே!

சென்ற கார்த்திகை மாதம், அடைமழை ஓய்ந்த ஒரு காலையில், மாஸ்ரர் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தார். எழ இயலவில்லை. பத்து மணிக்குப் பால் கொண்டுவந்த பையன் படலையில் மணியடித்து, பதில் வராமையால் மதிலில் ஏறிப் பார்த்தபோதுதான் செய்தி வெளியாயிற்று. மூன்று மணி நேரம் ஈரச் சீமெந்தில் கிடந்திருக்கிறார். எமது கதிரைக்கும் அவர் கிடந்த இடத்துக்கும் இடையே இருபது அடிகூட இராது. அன்றும் நாம் முற்றத்திற் பத்திரிகைதான் வாசித்துக்கொண்டிருந்தோம்.

"கூப்பிட்டனான் தம்பி" என்றார், ஆஸ்பத்திரிக் கட்டிலில். குற்றஞ்சாட்டும் தொனியில் அவர் சொல்லவில்லை. அதனாலேயே அது எமக்கு இன்றுவரை மறக்கவில்லை. ஏதோவொரு குரலை நாம் கேட்டதாகவும், எங்கோ வானொலி பாடுகிறதென எண்ணிப் பக்கத்தைப் புரட்டியதாகவும் ஒரு நினைவு. அது மெய்யான நினைவா, மனச்சான்று பின்னர் எழுதிக்கொண்டதா என்பது எமக்கே தெளிவில்லை. ஓலை வேலி இருந்த காலத்தில் அவர் இருமினால் எமக்குக் கேட்கும். எம் வீட்டில் மீன் பொரித்தால் அவர் அறிவார். அதைத்தான் நாம் தொல்லை என்று கொண்டிருந்தோம்.

இடுப்பெலும்பு பொருந்தி, இப்போது மாஸ்ரர் ஊன்றுகோலுடன் நடமாடுகிறார். ஞாயிறுதோறும் நாம் ஒழுங்கையாற் சுற்றிச் சென்று அவருக்குப் பத்திரிகை கொடுத்துவிட்டு வருகிறோம். குறுக்கெழுத்தை அவருக்கென்றே வெறுமையாக விட்டிருக்கிறோம்.

எல்லைப் பிணக்குகளை நீதிமன்றுக்குப் போகுமுன் பேசித் தீர்க்க, 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மத்தியஸ்த சபைகள் உண்டு. வேலிச் சண்டையில் மனம் வெதும்பியிருக்கும் வாசகர்கள் அவற்றை நாடுவது, குழியில் மூன்றிலொரு பங்குக்காகப் பரப்புகளை இழப்பதிலும் மேலானது. ஆயினும் மதிலுக்கு இரு புறமும் சண்டையுமின்றிப் பேச்சுமின்றி வாழும் இருவருக்கு எந்தச் சபையும் தீர்ப்புச் சொல்ல இயலாது.

இனிக் கோழியின் கதைக்கு வருவோம். இல்லத்தரசியின் தீர்ப்பின்படி, திங்கட்கிழமை வேலியடைப்பவரை அழைத்து வந்தோம். அவர் ஓலையைக் கட்டி வரிச்சுப் பிடித்துக்கொண்டே வந்து, கிழக்கு மூலையில் நின்று கேட்டார்: "ஐயா, பொட்டையும் அடைக்கிறதோ?"

நாம் இல்லத்தரசியைப் பார்த்தோம். அவர் மேற்கே மதிலைப் பார்த்தார். கிழக்கு வீட்டு மாமிக்கு வயது எழுபத்தாறு. அவரும் தனியேதான் இருக்கிறார். சற்றுநேரம் ஒருவரும் பேசவில்லை.

"கொஞ்சம் பெரிசாக்கி விடும்" என்றார் இல்லத்தரசி. "மாமி குனிஞ்சு வரக் கஷ்டப்படுறா."

மறுநாட்காலை கோழி முன்னிலும் வசதியாக வந்து சேர்ந்தது. கத்தரிக் கன்றுகளின்மேல் பழைய கடகங்களைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். கோப்பியை இப்போது உள்ளே வைத்துக் குடித்துவிட்டே பத்திரிகையுடன் முற்றத்துக்கு வருகிறோம்.