சொன்னவனுக்கே தண்டனை என்றால் யார் உண்மை சொல்வார்?

பதிவு கொஞ்சம் நீளம்தான். வீட்டில் சட்டம் படிக்க நினைக்கும் பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

2017இல் விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி தொடங்கிய பிறகு, பனமலை, செஞ்சிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வக்கீல் படிப்பு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண் போதும். விண்ணப்பிக்கும் நேரத்தில் சிலர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "சார், என் மேல ஒரு கேஸ் இருக்கு. அதைச் சொல்லணுமா?"

கேட்டால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொன்ன பிள்ளையை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதையும் பேச வேண்டும்.

2024 செப்டம்பரில் இந்திய பார் கவுன்சில் எல்லாச் சட்டக் கல்லூரிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மாணவர்கள் தங்கள் மீதுள்ள எஃப்.ஐ.ஆர்., குற்ற வழக்கு, தண்டனை மட்டுமல்ல, விடுதலையான வழக்கையும் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் இறுதி மதிப்பெண் பட்டியலும் பட்டமும் நிறுத்தி வைக்கப்படலாம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஏ பிரிவைப் பாருங்கள். ஒழுக்கக் கேடான குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரையும், தீண்டாமைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரையும், ஒழுக்கக் கேட்டுக்காக அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்டவரையும் அது தடுக்கிறது. அந்தத் தடையும் விடுதலையாகியோ வேலை நீங்கியோ 2 ஆண்டுகள் ஆனால் விலகிவிடும். ஆக, சட்டம் பார்ப்பது தண்டனையை. எஃப்.ஐ.ஆர். என்பது புகார் பதிவான காகிதம், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துப் பையன்கள் மேல் வழக்கு எப்படி வருகிறது என்று கிராமத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். குடிநீர் வரவில்லை என்று மறியல், தேர்த் திருவிழாவில் தள்ளுமுள்ளு, வரப்புத் தகராறில் அப்பாவோடு சேர்த்து மகன் பெயரும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தின்போது நம் மாவட்டத்தில் நிவாரணம் கேட்டு மக்கள் சாலையில் உட்கார்ந்தது மறந்திருக்காது. வசதியான வீட்டுப் பிள்ளைக்குச் சாலையில் உட்காரும் அவசியமே வருவதில்லை. ஆகவே "வழக்கு உண்டா?" என்ற கேள்வி எல்லோர் மேலும் ஒரே எடையில் விழுவதில்லை.

எதிர்த் தரப்பிலும் நியாயம் உண்டு. ரவுடித்தனம் செய்துவிட்டு, கறுப்பு அங்கியைக் கேடயமாக்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். 2015இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன் இதைக் கடுமையாகக் கண்டித்தார். கொலை, பாலியல் குற்றம், கட்டப் பஞ்சாயத்து வழக்குகளைத் துருவிப் பார்க்கட்டும். மறியல் வழக்கையும் அதையும் ஒரே தட்டில் வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

உச்ச நீதிமன்றமே வழி காட்டியிருக்கிறது. 2016இல் அவதார் சிங் வழக்கு. அது அரசு வேலை பற்றியதுதான், ஆனால் அதன் நியாயம் இதற்கும் பொருந்தும். கேட்டதற்கு உண்மையான பதில் தர வேண்டும். அதே நேரம், இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால்கூட நிர்வாகம் அதை மன்னிக்கலாம் என்றது. மறைத்தவருக்கே இவ்வளவு இடம் உண்டென்றால், தானாக வந்து சொன்னவருக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

வ.உ.சி.யை நினைத்துப் பாருங்கள். 1908இல் ராஜ துரோக வழக்கில் தண்டனை பெற்றார், வக்கீல் சன்னதும் பறிபோனது. பிறகு அதைத் திரும்பப் பெற உதவியவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. நன்றி மறவாத வ.உ.சி. தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். காந்தியின் பெயரை லண்டன் இன்னர் டெம்பிள் 1922இல் நீக்கியது, மீண்டும் சேர்த்தது 1988இல். வழக்கு ஒரு மனிதனின் முழு வரலாறு அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பார் கவுன்சிலுக்கு என் கோரிக்கை மூன்று. எந்த வகை வழக்கு சேர்க்கையைப் பாதிக்கும், எது பாதிக்காது என்பதை விண்ணப்பத்திலேயே தமிழில் அச்சிடுங்கள். முடிவெடுக்க ஒரு கால வரம்பு வையுங்கள், பட்டம் வருடக்கணக்கில் தொங்கக் கூடாது. விடுதலையான வழக்கைக் கேட்பதைக் கைவிடுங்கள். நீதிமன்றம் குற்றவாளி இல்லை என்ற பிறகு, நீதியைப் படிக்கும் இடத்தில் அது எதற்கு?

பிள்ளைகளே, உங்களுக்கும் சொல்கிறேன். எஃப்.ஐ.ஆர். எண், ஆண்டு, காவல் நிலையம், நீதிமன்றம், இப்போதைய நிலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கின் நிலையைப் பார்க்கலாம். 18 வயதுக்கு முன் நடந்தது என்றால் சிறார் நீதிச் சட்டம் 2015இன் 24ஆம் பிரிவு பற்றி ஒரு வக்கீலிடம் கேளுங்கள். கொடுங்குற்ற விதிவிலக்கு தவிர, அந்த வயதுத் தவறு தகுதிக் குறைவாகக் கூடாது என்கிறது அது. "யாருக்குத் தெரியப் போகுது, இல்லைன்னு போடு" என்று சொல்லும் கம்ப்யூட்டர் சென்டர் அண்ணனை நம்பாதீர்கள். முக்கியமான உண்மையைத் திரித்துப் பதிவு பெற்றால் பின்னாளில் பெயரையே நீக்க 26ஆம் பிரிவில் இடம் இருக்கிறது.

கல்லூரிகளில் பணியாற்றும் என் மாணவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அப்படி ஒரு விண்ணப்பம் மேசைக்கு வந்தால், தூக்கி ஓரமாக வைக்கும் முன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள்.