பொம்மைக்கு வாய்ப்பூட்டு எதற்கு?

"பொம்மலாட்டமா? அது சின்னப் பசங்களுக்கு!"

"நரி, காக்கா கதையா? அது ஒண்ணாங்கிளாஸ் பாடம்!"

இந்த இரண்டு வசனத்தையும் கேட்காத ஆளே இருக்க முடியாது. இரண்டுமே வடிகட்டின அபத்தம்.

தோல்பாவைக்கூத்தையே எடுத்துக்கொள்வோம். ஆட்டுத்தோலில் வரைந்து வெட்டிய பாவைகள், பின்னால் விளக்கு, முன்னால் வெள்ளைத்துணி. எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே ஆள் குரல் கொடுப்பார். கதை என்னவோ ராமாயணம்தான். ஆனால் கூட்டம் காத்துக் கிடப்பது உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும்! இந்த இரண்டு கோமாளிகளும் காவியத்தின் நடுவே புகுந்து, உள்ளூர்ப் பேச்சில் பெரிய மனுஷர்களை எல்லாம் கலாய்ப்பார்கள். யாராவது கோபப்பட்டால்? பேசியது தோல் ஆச்சே, தோலையா பிடித்து அடிப்பது?

புதுவையைப் பிரெஞ்சு ஊர் என்று பெருமை பேசுபவர்களுக்கு ஒரு பிரெஞ்சு உதாரணமே இருக்கிறது. லியோன் நகரத்தில் லோரான் மூர்கே என்று ஒருவர். பட்டு நெசவு கைவிட்டதும் பல் பிடுங்கும் தொழிலுக்கு வந்தார். ஆள் சேர்க்கப் பொம்மை ஆட்டினார். 1808 வாக்கில் அப்படிப் பிறந்தவன்தான் கினியோல். நெசவாளிகளின் கொச்சை மொழி பேசுவான், தடியை எடுத்துப் போலீஸ்காரரையே சாத்துவான். 1852-ல் அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? வசனத்தை முன்கூட்டியே எழுதிக்கொடு, அனுமதி வாங்கு, வாய்க்கு வந்ததைப் பேசாதே என்றது. ஒரு கைப்பொம்மையைப் பார்த்து அரசாங்கத்துக்கு அவ்வளவு பயம்!

விலங்குப் படங்களுக்கும் இதே கதைதான். 1835-ல் பிரான்சில் அரசியல் கேலிச்சித்திரங்களுக்குத் தணிக்கை வந்ததும், ஓவியர் கிராண்ட்வில் புத்தகங்களுக்குப் படம் வரையப் போனார். 1838-ல் லா ஃபோந்தேன் கதைகளுக்கு வரைந்தார். கோட்டு போட்ட மிருகங்கள்தான் அவர் முத்திரை. பார்த்தால் சிரிப்பு வரும், உற்றுப் பார்த்தால் பக்கத்து வீட்டு ஆசாமி தெரிவார் :-)

அந்த லா ஃபோந்தேனே 1678-ல், தன் கதைகளில் பெரும்பகுதிக்கு ஓர் இந்திய ஞானிக்குக் கடன்பட்டதாகச் சொல்லிவிட்டார். 1792-ல் புதுச்சேரி வந்து இறங்கிய பாதிரியார் துபுவா, தமிழ், தெலுங்கு, கன்னடப் பிரதிகளை வைத்துப் பஞ்சதந்திரத்தைப் பிரெஞ்சில் எழுதினார். 1826-ல் பாரிசில் அச்சானது. பரமார்த்த குருவும் சீடர்களும் அதே புத்தகத்தில் கூடவே போனார்கள். 1872-ல் லியோன்ஸ் பெத்தி அதற்குப் படம் வரைந்தார். பஞ்சதந்திரம் இளவரசர்களுக்கு அரசியல் சொல்லித்தர வந்த நூல். அதிலிருக்கும் நரி சூழ்ச்சிக்கார மந்திரி. நாம் என்ன செய்தோம்? கடைசியில் "நீதி:" என்று ஒரு வரி ஒட்டி, பல் பிடுங்கிய பாம்பாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டோம்.

பொம்மைக்கும் அதே கதி. இன்றைக்குப் பாவைக்கூத்தை மேடை ஏற்றினால் பெரும்பாலும் 'விழிப்புணர்வு'தான். கையைக் கழுவு, ஊசி போடு, ஓட்டுப் போடு. தாளில் எழுதிக்கொடுத்த வசனம். கோமாளி ஒப்பிக்கிறான், கூட்டம் கொட்டாவி விடுகிறது.

"கலைஞர்களுக்கு வருமானம் வருகிறதே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வீட்டில் அடுப்பெரிய வேண்டும், கைதட்டலை வைத்து அரிசி வாங்க முடியாது. ஆனால் காசு கொடுப்பதற்கும் வசனம் கொடுப்பதற்கும் என்ன சம்பந்தம்? கை கழுவுவதைப் பற்றி உளுவத்தலையன் பேசட்டும். தெருக்குழாயில் தண்ணி வரவில்லையே, எதில் கழுவுவது என்றும் அவனே கேட்கட்டும். அப்போது கூட்டம் சிரிக்கும். சொன்ன விஷயமும் மண்டையில் நிற்கும்.

1852-ல் தணிக்கை அதிகாரி தடை போட்டுச் செய்ததை, இன்றைக்கு நல்லெண்ணக்காரர்கள் நிதி கொடுத்துச் செய்கிறார்கள். கலையைக் காப்பாற்றுகிறோம் என்று பாவையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது சுலபம். கோமாளியின் நாக்கை யார் காப்பாற்றுவது?