சாணி இல்லாத சாணி

ஆங்கிலத்தில் ‘டங்’ என்றால் என்ன? சாணி என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் மாடு போட்டாலும் டங்தான், யானை போட்டாலும் டங்தான். எலி, பறவை என்று வந்தால் ‘டிராப்பிங்ஸ்’ என்பார்கள். அதுவே வயலுக்குப் போனால் ‘மெனூர்’. இந்தச் சொல்லுக்கு ஒரு கதை உண்டு. ‘கையால் வேலை செய்வது’ என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது இது. முதலில் நிலத்தைப் பண்படுத்தும் வேலையைக் குறித்தது. பிறகு, பண்படுத்தப் போடும் எருவுக்கே பெயராகிவிட்டது.

நம் தமிழ் இதில் இன்னும் கறார். மாட்டுக்குச் சாணி, ஆட்டுக்கும் எலிக்கும் புழுக்கை, யானைக்கு லத்தி, கழுதைக்கு விட்டை, காக்கைக்கு எச்சம். கிராமத்தில் போய் ‘ஆட்டுச் சாணி’ என்று சொல்லிப் பாருங்கள், சிரித்துவிடுவார்கள்!

நிலத்துக்குப் போய்விட்டால் எல்லாமே எருதான். உழுவதைவிட எரு இடுவது நல்லது என்கிறது திருக்குறளின் உழவு அதிகாரம். நகரத்தில் வேண்டாததுதான் குப்பை. கொங்கு நாட்டில் ஒரு விவசாயி “காட்டுக்குக் குப்பை அடிக்கோணும்” என்றால், அவர் சொல்வது எருவை. ‘ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்’ என்பது பழமொழி. புழுக்கை சீக்கிரம் பலன் தரும், சாணி நின்று நிதானமாகப் பலன் தரும். அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுப்பட்டி போடுவது இதற்காகத்தான்.

சாணி நமக்கு மங்கலமும்கூட. மார்கழியில் சாணி உருண்டையில் பூசணிப்பூ வைப்போம். பட்டிப் பொங்கலன்று சாணியால் சின்னத் தெப்பக்குளம் கட்டி மாடுகளை மிதிக்க விடுவார்கள். தாளவாடி பக்கம் கும்டாபுரத்தில் தீபாவளி முடிந்ததும் ஒருவர் மேல் ஒருவர் சாணி அடித்தே விழா கொண்டாடுகிறார்கள்.

இந்த நல்ல பெயரைத்தான் ஒரு விஷம் திருடிக்கொண்டது. அதன் பெயர் சாணிப்பவுடர்.

மாடுகள் குறைந்தன, வாசலில் தெளிக்கச் சாணி கிடைக்கவில்லை. அந்த மஞ்சளும் பச்சையுமான நிறத்துக்காகக் கடையில் பொட்டலம் வாங்கினோம். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இதை அறியாத வீடு குறைவு. ஆனால் அதில் துளிக்கூடச் சாணி கிடையாது. மஞ்சள் பொடி அவுரமைன், பச்சைப் பொடி மாலகைட் கிரீன். இரண்டும் செயற்கைச் சாயங்கள். உடம்புக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கொங்கு மண்டலத்தில் எத்தனையோ குடும்பங்களை இது அழ வைத்திருக்கிறது. ‘தடை செய்யப்பட்ட சாணிப்பவுடர்’ என்று செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். ஆனாலும் பேச்சில் அது இன்னும் வெறும் ‘சாணி’தான்.

ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. ‘சாயப்பொடி’ என்று சொல்லியிருந்தால் உயரத்தில் வைத்துப் பூட்டியிருப்போம். ‘சாணி’ என்றதால் கோலமாவு டப்பாவுக்குப் பக்கத்தில், குழந்தைக்கு எட்டும் இடத்தில் வைத்தோம். ஆங்கிலப் பத்திரிகைகளோ இதை அப்படியே ‘கவ் டங் பவுடர்’ என்று மொழிபெயர்க்கின்றன. வெளியூர்க்காரர் படித்தால் காய்ந்த வறட்டித் தூள் என்றுதானே நினைப்பார்?

எனவே வீட்டில் பழைய பொட்டலம் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். சாணி கிடைக்காத நாளில் வெறும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாலும் வாசல் வாசல்தான். யாராவது தவறி விழுங்கிவிட்டால் கைவைத்தியம் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். டாக்டரிடம் ‘சாணி’ என்று சொல்லாதீர்கள், ‘சாயப்பவுடர்’ என்று நிறத்தோடு சொல்லுங்கள். மனசு பாரமாக இருக்கிறதா? 104 அல்லது 14416-க்குப் பேசுங்கள். கேட்க ஆள் இருக்கிறார்கள்.

இனி யாராவது ‘சாணி வாங்கி வா’ என்று கடைக்கு அனுப்பினால், எந்த மாடு போட்டது என்று ஒரு கேள்வி கேளுங்கள்!