கோப்பை நகர்த்தாத அதிகாரி

அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு நகரவில்லை என்றால் நமக்கு உடனே தோன்றுவது இரண்டுதான்: சோம்பல், அல்லது ‘கவனிப்பு’ போதவில்லை. வாஷிங்டனில் 1960 செப்டம்பரில் ஒரு மேசைக்கு வந்த கோப்பு, ஒன்றரை வருஷம் ஒப்புதல் இல்லாமலே கிடந்தது. மருந்து நிறுவனத்துக்காரர்கள் நேரில் வந்தார்கள், தொலைபேசியில் நச்சரித்தார்கள், மேலதிகாரிகளிடம் புகார் சொன்னார்கள். கோப்பு அசையவில்லை. அந்த மேசைக்குரியவர் டாக்டர் ஃபிரான்சிஸ் ஓல்டாம் கெல்சி. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் அவர் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

கனடாவின் வான்கூவர் தீவில் 1914-ல் பிறந்தவர். மெக்கில் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் வாங்கிய சமயம் பொருளாதாரப் பெருமந்தம், வேலை குதிரைக்கொம்பு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறையைத் தொடங்கிக்கொண்டிருந்த பேராசிரியர் கீலிங்குக்கு ஒரு விண்ணப்பம் போட்டுவைத்தார். உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ஆனால் கடிதம் ‘மிஸ்டர் ஓல்டாம்’ என்று தொடங்கியது. பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்துவிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் சேர வேண்டுமோ என்று மெக்கில் பேராசிரியரிடம் கேட்டார் ஃபிரான்சிஸ். அசட்டுத்தனம் பண்ணாதே, கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘மிஸ்’ என்று போட்டுவிட்டுக் கிளம்பு என்றார் அவர். தன் பெயர் மேரி என்றோ எலிசபெத் என்றோ இருந்திருந்தால் அந்த இடம் கிடைத்திருக்குமா என்ற சந்தேகம் பல ஆண்டுகள் கழித்தும் அவருக்கு இருந்தது. நியாயமான சந்தேகம்.

சிகாகோவுக்குப் போன மறு வருஷம், 1937-ல், அமெரிக்காவில் ஒரு மருந்து ஆட்களைக் கொன்றது. சல்ஃபானிலமைடு என்ற நல்ல மருந்தை இனிப்புத் திரவமாக்க, ஒரு நிறுவனம் அதை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றுவிட்டது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் பலர் குழந்தைகள். விஷம் எது என்று கண்டுபிடிக்கும் வேலை கீலிங்கின் ஆய்வகத்துக்கு வந்தது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து உறுதிசெய்ததில் ஃபிரான்சிஸுக்கும் பங்கு உண்டு. விற்பதற்கு முன் பாதுகாப்பானதா என்று சோதித்தாக வேண்டும் என அன்றைய சட்டம் கேட்கவே இல்லை. அடுத்த வருஷம்தான் கேட்டது.

அந்த ரசாயனத்தின் பெயரை நாம் அதற்குள் மறந்திருக்க முடியாது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ அது. தமிழக அரசின் ஆய்வகம் அதில் கண்டது 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால். சோதனை முடிவு ஓரிரு நாளில் வந்துவிட்டது. அந்தச் சோதனை குழந்தைகள் குடிப்பதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டும் என்பதுதான் பிரச்சினை.

ஃபிரான்சிஸுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது மலேரியா மருந்து ஆராய்ச்சியில் அவர் ஒன்று கவனித்தார். சாதாரண முயலின் உடல் கொய்னாவை எளிதில் சிதைத்துவிடுகிறது. சினை முயலின் உடல் திணறுகிறது. கருவுக்கு அந்தத் திறன் அறவே இல்லை. தாய்க்கு ஒத்துக்கொள்ளும் மருந்து கருவுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது என்ற பாடம் அப்போதே பதிந்துவிட்டது. கூட ஆராய்ச்சி செய்த எல்லிஸ் கெல்சியை 1943-ல் மணந்தார். இரண்டு பெண் குழந்தைகளை வளர்த்துக்கொண்டே மருத்துவமும் படித்து 1950-ல் டாக்டரானார்.

இப்போது கோப்பு. புதிதாக வந்தவர், சுலபமானதாகக் கொடுப்போம் என்றுதான் அதை அவரிடம் தள்ளினார்கள். ‘கெவடான்’ என்ற தூக்க மாத்திரை. உள்ளே இருப்பது தாலிடோமைடு. மேற்கு ஜெர்மனியில் 1957 முதல் கடையில் சீட்டில்லாமலே கிடைத்தது. கர்ப்பிணிகள் மசக்கைக்குக்கூடச் சாப்பிட்டார்கள். அன்றைய விதி விசித்திரமானது. 60 நாளுக்குள் அரசு ஆட்சேபிக்காவிட்டால் மருந்து தானாகவே சந்தைக்குப் போகலாம். மௌனம் சம்மதம்! ஆதாரம் போதாது என்று கடிதம் எழுதினால், புதுத் தகவலோடு 60 நாள் மறுபடி முதலிலிருந்து ஓடும். கெல்சி கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்.

சும்மா எழுதவில்லை. மனிதர்களைத் தூங்கவைக்கும் மாத்திரை ஆய்வக விலங்குகளைத் தூங்கவைக்கவில்லை. அப்படியானால் அவற்றின் உடலில் மருந்து சரியாகச் சேர்கிறதா? சேரவில்லை என்றால், விலங்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற சான்றுக்கு என்ன மதிப்பு? வேதியியல் பகுதியைப் பார்த்த லீ கைஸ்மரும் மருந்தியல் பகுதியைப் பார்த்த ஜிரோ ஓயாமாவும் இதே போலக் குறைகள் கண்டார்கள். நிறுவனத்துக்கோ கிறிஸ்துமஸ் கவலை. தூக்க மருந்து அமோகமாக விற்கும் பருவம் கைநழுவுகிறதே என்று.

1961 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் பழைய இதழில் ஒரு வாசகர் கடிதம் கெல்சியின் கண்ணில் பட்டது. தாலிடோமைடு சாப்பிட்டவர்களுக்குக் கை கால் நரம்புகள் மரத்துப்போவதாக ஒரு மருத்துவர் எழுதியிருந்தார். நிறுவனம் இதைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. வளர்ந்தவர்களின் நரம்பையே தாக்கும் மருந்து கருவை என்ன செய்யும்? கர்ப்பத்தில் பாதுகாப்பானது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று மே மாதம் கேட்டார். ஆதாரம் இல்லை.

நவம்பரில் ஜெர்மனியில் குட்டு உடைந்தது. குட்டையான கை கால்களோடு, சில சமயம் அவை இல்லாமலே, பிறந்த குழந்தைகளின் தாய்மார்கள் தாலிடோமைடு சாப்பிட்டிருந்தார்கள். உலகம் முழுக்க இப்படிப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பத்தாயிரம் பேருக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். கெல்சி இதை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டார் என்று பிற்பாடு எழுதியவர்கள் உண்டு, அது மிகை. அவர் கேட்டது ஆதாரம் மட்டுமே. ஜெர்மனியில் அந்தக் கோரம் தெரியவராமல் போயிருந்தால், நிறுவனங்களை இழுத்தடித்த அதிகாரி என்றுதான் அவர் பெயர் நின்றிருக்கும்.

அமெரிக்காவும் முழுதாகத் தப்பவில்லை. ‘பரிசோதனை’ என்ற பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களுக்கு நிறுவனம் 25 லட்சம் மாத்திரைகளை வாரி வழங்கியிருந்தது. அது பரிசோதனை மாத்திரை என்பதே சாப்பிட்டவர்களில் பலருக்குத் தெரியாது.

1962 ஜூலையில் வாஷிங்டன் போஸ்ட் முதல் பக்கத்தில் செய்தி போட்ட பிறகுதான் நாட்டுக்கு அவரைத் தெரிந்தது. ஆகஸ்ட் 7 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் கென்னடி பதக்கம் அணிவித்தார். அக்டோபரில் சட்டம் மாறியது. மருந்து வேலை செய்கிறது என்பதையும் நிரூபிக்க வேண்டும், நோயாளியின் சம்மதத்தோடுதான் பரிசோதிக்க வேண்டும், அரசு வாய்திறந்து ஒப்புதல் தராமல் எதுவும் கடைக்குப் போகாது.

பதக்கத்தோடு கதையை நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் அவர் அதற்குப் பிறகும் 43 வருஷம் அதே துறையில் வேலை பார்த்தார். மருந்துப் பரிசோதனை நடத்தும் மருத்துவர்களின் இடத்துக்கே ஆட்களை அனுப்பி, பதிவேடுகளைப் புரட்டி, பொய்க் கணக்கு எழுதியவர்களைப் பிடிக்கும் பிரிவுக்குத் தலைவரானார். அந்த ஆய்வாளர்களுக்கு ‘கெல்சியின் போலீஸ்’ என்று பட்டப்பெயர். தமிழக அரசு ஊழியராக இருந்திருந்தால் 60 வயதில் மாலை போட்டு, குழுப் புகைப்படம் எடுத்து, வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கெல்சி ஓய்வு பெற்றது 2005-ல், 90 வயதில்.