உயரக் கம்பமா, உண்மைக் கம்பமா?

தூத்துக்குடியில் ஏதாவது ஒரு பழைய வீட்டு மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தால், துருப்பிடித்த இரும்புக் கம்பம் ஒன்று நின்றுகொண்டிருக்கும். கேபிளும் டிஷ்ஷும் வருவதற்கு முன்னால் டிவி ஆன்டெனாவைத் தாங்கிய கம்பம். 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியபோது, மன்னார் வளைகுடாவின் இந்தக் கரையில் இருந்த ஊர்களில் யார் வீட்டு ஆன்டெனா உசரம் என்பது ஒரு கௌரவப் பிரச்சினை. உசரம் கூடினால் படம் தெளிவு. அவ்வளவுதான் கணக்கு!

இன்றைக்கு வீட்டு வானிலை நிலையம் வாங்குகிறவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். மழை, காற்று, வெப்பம் மூன்றையும் அளக்கும் கருவியை ஆசை ஆசையாக ஆர்டர் செய்கிறார்கள். பெட்டி வந்ததும் மாடிக்கு ஓடி, அந்தப் பழைய கம்பத்தின் உச்சியில் கட்டிவிடுகிறார்கள். கருவிக்கு ஆயிரக்கணக்கில் செலவு, கம்பத்துக்கு யோசனைகூட இல்லை.

இது தப்பு. கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது உண்மை பேசுமா பொய் பேசுமா என்பதைப் பாதிக்குமேல் முடிவு செய்வது கம்பம்தான். அதிலும் தூத்துக்குடி வீடுகளுக்கு வேண்டியது உயரமான கம்பம் அல்ல, குட்டைக் கம்பம்!

ஏன் இவ்வளவு அக்கறை?

"பொழுதுபோக்குக்கு வைக்கிற கருவி, எங்கே நின்றால் என்ன?" என்று கேட்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பார்த்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள். 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. கோவில்பட்டியில் 53. ஒரு வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அதிகமான மழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது.

அந்த எண்களை இன்னொரு தடவை பாருங்கள். காயல்பட்டினத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவில் ஏறக்குறைய 10 கிலோமீட்டர்தான். மழையில் 26 செ.மீ. வித்தியாசம்! அப்படியென்றால் நடுவில் இருக்கும் ஊர்களில் எவ்வளவு பெய்தது? குளம் எந்த மணிக்கு நிரம்பியது? அரசாங்கம் தெருவுக்குத் தெரு மழைமானி வைக்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவை வீட்டுக் கருவிகள்தான். இன்று அவற்றின் அளவுகள் வெதர் அண்டர்கிரவுண்ட் போன்ற தளங்கள் வழியாக உடனுக்குடன் உலகத்துக்கே போய்விடுகின்றன. அப்படிப் போன பிறகு அது வீட்டு விஷயம் இல்லை, ஊர் விஷயம்.

மாடியில் மழை குறையும்

உயரத்தில் வைத்தால் தடை எதுவும் இல்லாமல் மழை நன்றாக விழும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நடப்பது நேர் எதிர்.

லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் 1766-67-இல் ஒரு சோதனை செய்தார். ஒரு மழைமானியைத் தரையோரம் வைத்தார், இன்னொன்றை ஒரு வீட்டுக் கூரைமேல், மூன்றாவதை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் உச்சியில். ஒரு வருஷம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் தரையில் 22.6 அங்குலம், கூரையில் 18.1, அபே உச்சியில் 12.1! ஒரே பகுதி, ஒரே வானம், ஆனால் உச்சியில் கிட்டத்தட்டப் பாதி மழையைக் காணோம்.

மழை எங்கே போனது என்று பலர் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். 1861-இல் தெளிவான விளக்கம் கொடுத்தவர் யார் தெரியுமா? வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். ஆமாம், பி.காம். மாணவர்கள் பொருளியல் தாளில் இறுதிநிலைப் பயன்பாட்டுக்காக உருப்போடும் அதே ஜெவன்ஸ்தான்! சிட்னி நாணயச் சாலையில் வேலை பார்த்த காலத்திலேயே வானிலையைக் குறிப்பெடுத்தவர் அவர். அவர் சொன்ன காரணம் காற்று. உயரே போகப் போகக் காற்றின் வேகம் கூடுகிறது. அந்தக் காற்று மழைமானியின் மேல் மோதி எழும்பிச் சுழலும்போது, உள்ளே விழ வேண்டிய துளிகளைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. மழை குறையவில்லை, பிடிபடவில்லை.

இந்திய வானிலைத் துறையின் வழக்கமான மழைமானியின் வாய் தரையிலிருந்து வெறும் 30 செ.மீ. உயரத்தில் இருப்பதற்கும் இதுதான் காரணம். வெப்பமானியை வைக்கும் மரப்பெட்டியும் ஏறக்குறைய ஒரு ஆளின் நெஞ்சு உயரத்தில்தான் நிற்கும். மொட்டை மாடியோ பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரியில் கக்கும். அங்கே வைத்த வெப்பமானி ஊரின் வெப்பத்தைச் சொல்லாது, கான்கிரீட்டின் வெப்பத்தைத்தான் சொல்லும்.

அப்படியானால் காற்று?

இங்கேதான் சிக்கல். உலக வானிலை அமைப்பின் விதிப்படி காற்றுமானி திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பக்கத்துக் கட்டடமோ மரமோ அதன் உயரத்தைப் போல் 10 மடங்கு தூரமாவது தள்ளி நிற்க வேண்டும். மழைமானிக்குத் தரை வேண்டும், காற்றுமானிக்கு ஆகாயம் வேண்டும். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த கருவியை ஒரே கம்பத்தில் மாட்டினால் ஏதாவது ஒன்று பொய் சொல்லியே தீரும்.

காற்றை விட்டுக்கொடுப்பதா என்று கடற்கரைக்காரர்களுக்கு மனசு கேட்காதுதான். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பேர் வைத்துப் பிழைத்த கரை இது. கடல் அமைதியாகும் மார்ச், ஏப்ரல் வாக்கில்தான் அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பே நடந்தது. கடைசியாக நடந்தது 1961-இல். காற்றை அளப்பதும் விளையாட்டு இல்லை. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். நாலு பக்கமும் மாடி வீடுகள், தண்ணீர்த் தொட்டிகள், தென்னை மரங்கள். அந்தத் தெருவில் 15 அடிக் கம்பம் நட்டாலும் கிடைப்பது கச்சான் காற்று அல்ல. அடுத்த வீட்டுச் சுவரில் மோதித் திரும்பிய காற்று! திறந்த வெளிக் காற்றை அளக்கத் துறைமுகம் இருக்கிறது, மாவட்டத்தின் மேற்கே கயத்தாற்றில் காற்றாலை சோதனை நிலையமே இருக்கிறது. தெருவுக்குத் தெரு இல்லாதது மழைக் கணக்குதான். வீட்டுக் கருவி ஊருக்குத் தரக்கூடிய நல்ல விஷயம் மழை. அதற்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும்.

ஜெவன்ஸின் பாடத்தையே இங்கே போட்டுப் பார்க்கலாம். கம்பத்தில் கூடுகிற ஒவ்வொரு அடிக்கும் பயன் குறைந்துகொண்டே போகிறது, செலவும் ஆபத்தும் கூடிக்கொண்டே போகின்றன. ஒரு கட்டத்துக்கு மேல் அடுத்த அடி சுத்த நஷ்டம்.

எனவே முற்றம் இருப்பவர்கள் திறந்த இடமாகப் பார்த்து ஒன்றரை மீட்டர் குட்டைக் கம்பம் நடலாம். 30 செ.மீ.தானே விதி என்றால், 2023 வெள்ளத்தில் பல தெருக்களில் அதற்கு மேலேயே தண்ணீர் நின்றது. மூழ்கிய மழைமானி எதை அளக்கும்? பக்கத்துச் சுவரும் மரமும் அவற்றின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி இருந்தால் நல்லது. காற்றுமானியைத் தனியே கழற்றி வைக்கும் வசதி கருவியில் இருந்தால், அதை மட்டும் மாடிக்குக் கொண்டுபோகலாம். முற்றமே இல்லாதவர்கள் மாடியில்தான் வைத்தாக வேண்டும். அவர்கள் கைப்பிடிச் சுவரை விட்டு விலகி, மாடியின் நடுவில் தாழ்வாக வைத்து, இது மாடி அளவு என்று தளத்தில் வெளிப்படையாகக் குறிப்பிட்டால் போதும். குறை தெரிந்த எண் பயன்படும். குறையை மறைத்த எண்தான் ஏமாற்றும்.

உப்புக் காற்றுக்கு எந்தக் கம்பம்?

உப்பளங்களும் கடலும் சூழ்ந்த ஊரில் இரும்பு என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. உலோகம் அரிப்பதை ஆராய்வதற்கென்றே காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் மையங்கள் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் கான்கிரீட்டுக்கு உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் போட்டதும் இந்த உப்புக்குப் பயந்துதான்.

வெறும் இரும்புக்குப் பெயின்ட் அடித்து நட்டால் பெயின்ட் கீறிய இடத்திலிருந்து துரு ஆரம்பிக்கும். பி.வி.சி. பைப் துருப்பிடிக்காது, ஆனால் வெயிலில் வளைந்து, நாளாக ஆக நொறுங்கும். அலுமினியம் லேசானது, நல்லதுதான். ஆனால் அதில் இரும்புக் கிளாம்ப் மாட்டினால், உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்து அரித்துக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 304 ரகம் கடலோரத்தில் பழுப்பேறும். 316 தாங்கும், விலையும் அதிகம்.

பெரும்பாலான வீடுகளுக்கு நியாயமான தேர்வு ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்தான். அதன்மேல் உள்ள துத்தநாகப் பூச்சு முதலில் தான் அரிந்து இரும்பைக் காப்பாற்றும். வாங்கும்போது பைப்பில் அடித்திருக்கும் வண்ணப் பட்டையைப் பார்க்கலாம். மஞ்சள் என்றால் லேசான ரகம், நீலம் நடுத்தரம், சிவப்பு கனமானது. நீலம் போதும். அறுத்த முனையிலும் வெல்டிங் செய்த இடத்திலும் துத்தநாகம் போயிருக்கும். அங்கே துத்தநாகப் பெயின்ட் அடிக்காமல் விட்டால் துரு அந்த வழியாகத்தான் நுழையும். மேல் வாயை மூட ஒரு மூடி வேண்டும். அடியில் போடும் கான்கிரீட் தரையைவிடக் கொஞ்சம் உயர்ந்து, தண்ணீர் வழிந்து ஓடும்படி சரிந்திருக்க வேண்டும்.

ஒரு அங்குலத்துக்குப் பதில் ஒன்றரை அங்குலம் எதற்கு? அதே கனமுள்ள பைப் என்றால் விறைப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. உயரத்தை இரட்டிப்பாக்கினாலோ, அதே காற்றுக்கு உச்சி 8 மடங்கு வளையும். ஆடினால் என்ன ஆகும்? வீட்டு மழைமானிகளில் பலவற்றின் உள்ளே சின்னக் கரண்டி போன்ற ஒரு அமைப்பு இருக்கிறது. தண்ணீர் நிரம்பி அது ஒரு தடவை கவிழ்ந்தால் 0.2 மி.மீ. போன்ற ஒரு சிறு அளவு மழையாகக் கணக்கு. கம்பம் ஆடினாலும் அது கவிழும்! கச்சான் அடிக்கும் ஜூன், ஜூலையில், ஒரு பொட்டு மேகம் இல்லாத நாளில், தளத்தில் மழை பெய்துகொண்டிருக்கும்.

ஏணி இல்லாமல் எட்ட வேண்டும்

குட்டைக் கம்பத்துக்கு இன்னொரு பெரிய காரணம் பராமரிப்பு. உப்புத் தூசி படியும், சிலந்தி வலை பின்னும், காக்கா எச்சமிடும். மழைமானியின் துளை அடைத்துக்கொண்டால் 95 செ.மீ. பெய்தாலும் கருவி பூஜ்யம் காட்டும். கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு துணியோடு போய்த் துடைத்துவிடலாம். 20 அடி உயரத்தில் இருந்தால் முதல் மாதம் ஏறுவார்கள், அப்புறம் யாரும் ஏற மாட்டார்கள்.

உயிர் விஷயமும் இருக்கிறது. மாடியை ஒட்டி மின்கம்பி போகும் தெருக்கள் எத்தனை? கம்பம் சாய்ந்தால் அதன் முழு நீளத்துக்கும் கம்பி எட்டாத இடம்தான் நடுவதற்கு ஏற்ற இடம். நடும்போதும் அப்படித்தான். உயரக் கம்பம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், அடியில் கீல் வைத்துப் படுக்கப்போடும் வகையைப் பார்க்கலாம். அதற்கு இழுப்புக் கம்பிகளும் இடிக்கு எர்த்தும் வேண்டும்.

ஊர் நம்புகிற கம்பம்

தூத்துக்குடிக்குத் தெரிந்த இன்னொரு கம்பம் உண்டு. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் கம்பம். கூண்டு ஏறிவிட்டது என்று கேட்டாலே கரையில் பேச்சு மாறிவிடும். அதன் உயரம் எத்தனை அடி என்று யாரும் கேட்பதில்லை. சும்மா ஏற்ற மாட்டார்கள் என்கிற நம்பிக்கைதான் காரணம்.

வீட்டு வானிலை நிலையமும் சம்பாதிக்க வேண்டியது அந்த நம்பிக்கையைத்தான். அடுத்த பெருமழை ராத்திரியில், உப்பு அம்பாரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடலாமா என்று பார்க்கிற உப்பளக்காரரோ, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போகலாமா என்று யோசிக்கிற தாயோ அந்த எண்ணைப் பார்க்கக்கூடும். அப்போது அது பொய்யாக இருக்கக் கூடாது.

பழைய ஆன்டெனாக் கம்பம் மாடியிலேயே நிற்கட்டும். துணி காயப்போடும் கொடி கட்ட உதவும்!