லோகன் அவர்களை எழுதினார், நம்மை யார் எழுதினார்?

ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன், பினாங்கில் வழக்கறிஞராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர். பாறைகளையும் ஆராய்ந்தவர். 1847-இல் சிங்கப்பூரில் ஆய்விதழ் தொடங்கினார். ஜொகூர் ஆறுகளில் போய்ப் பார்த்த பூர்வக்குடிகளின் வாழ்க்கையையும் மொழியையும் அதில் எழுதினார். மேலிருந்து பார்க்கும் துரைத்தனம் அந்த எழுத்தில் உண்டு. ஆனாலும் அந்த மக்கள் அன்றே அங்கிருந்தார்கள் என்பதற்கு அச்சில் சாட்சி கிடைத்தது.

அந்த நூற்றாண்டிலேயே செபராங் பிறை கரும்புத் தோட்டங்களில் நம்மவர் வியர்வை சிந்தினார்கள். பிறகு ரப்பர், செம்பனை. நம்மை எழுதியது செக்ரோல்தான்: பெயர், பெரட்டு, கூலி. அவ்வளவே.

2002-இல் டெங்கில் அருகே புக்கிட் தம்போய் தெமுவான் மக்களின் வழக்கில், முதியவர்களின் வாய்மொழியையும் ஆய்வாளர்களின் சாட்சியத்தையும் கேட்டு, ஷா ஆலம் உயர்நீதிமன்றம் பரம்பரை நில உரிமையை ஏற்றது. தோட்டத் தமிழருக்கு அந்த உரிமை கிடையாது, தெரியும். ஆனால் சிவப்பு அடையாளக் கார்டோடு முதுமையடைந்த பாட்டியிடம் "எங்கே பிறந்தாய்?" என்று கேட்டால் எதைக் காட்டுவார்? தோட்டம் கைமாறியபோது செக்ரோலும் காணாமல் போனால் சாட்சி ஏது?

சுங்கை ஆயர் தாவார் குடும்பங்களே, பழைய சம்பளச் சீட்டு, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைத் தாள், கோயில் ரசீது எதையும் குப்பையில் போடாதீர்கள். பாட்டி சொல்லும் தோட்டம், லயம், கங்காணி பெயர்களை இந்த வாரமே நோட்டில் எழுதி, தேதியும் போடுங்கள்.